ஹாஜியார் 3.52-க்குப் போட்ட கையெழுத்து

இறந்துபோன ஒருவரை நான்கு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக உயிரோடு வைத்திருந்தவன் நான். வேலூரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடங்கள் செவிலியராக இருந்த என் மனைவி கிரேஸால்கூட இது முடிந்ததில்லை. அவள் இதைச் சொல்லிக்காட்டாத கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் வந்ததில்லை. (கேக் வெட்டுவதற்கு முன்பா பின்பா என்பது மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும்.)

தொண்ணூறுகளில் ஒரு நாளிதழின் வேலூர் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். பெயர், இடம், நேரம் மூன்றையும் சரிபார்க்காமல் ஒரு வரியும் உள்ளே போகாது என்பது அங்கே சட்டம். வாணியம்பாடி பக்கம் லாரி கவிழ்ந்தால், கவிழ்ந்தது ஐந்தரைக்கா ஐந்தே முக்காலுக்கா என்று கேட்டு நிருபரைத் திரும்ப ஓடவிட்டவன் நான். "நேரம் தப்பா இருந்தா மத்ததை எவன் நம்புவான்?" என்று கேட்டே பல இளம் நிருபர்களின் மாலைப்பொழுதைக் கெடுத்திருக்கிறேன். அவர்களில் யாரும் இந்தக் கட்டுரையைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

பதிப்பை மூடினார்கள். எனக்கு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை கிடைத்தது. தோல் பதனிடும் இடம் ஒன்று, ஷூவின் மேல்பாகம் தைக்கும் கூடம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஆபீஸ். ஏற்றுமதிக் காகிதங்களும் கம்பெனிக் காகிதங்களும் என் பொறுப்பு. கம்பெனிக்கு இரண்டே இயக்குநர்கள், அண்ணன் தம்பி. அண்ணன் யாகூப் ஹாஜியார். தம்பி சலீம் பாய். ஹாஜியாருக்கு ஒரே மகள், ஷாஹிதா. சாம்பிள் ரூமை அவள்தான் நடத்தினாள். சரக்கு வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் ஒரு தையலை மாற்றச் சொன்னால் அவளிடம்தான் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதையும் அவள்தான் சொல்வாள்.

ஹாஜியார் என்னை என் பெயரால் கூப்பிட்டதே இல்லை. ஜெயசீலன் என்பது அவருக்கு நீளமாக இருந்தது போலும். முதல் நாளிலிருந்து நான் 'ரிப்போர்ட்டர்'.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் என் முட்டாள்தனத்தைப் புரியவைக்க முடியாது. ஹாஜியார் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் புறப்படும் முன்தினம், நண்பகல் லுஹர் தொழுகை முடித்துவிட்டு வந்து மேஜையில் உட்காருவார். கம்பெனி பெயர் அச்சடித்த வெற்றுத் தாள்களை நான் ஒவ்வொன்றாக நகர்த்துவேன். அவர் அடியில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, அடுத்ததற்குப் போவார். மொத்தம் இருபது தாள். அவர் ஊரில் இல்லாதபோது வங்கிக்கோ துறைமுகத்துக்கோ கடிதம் தேவைப்பட்டால், அந்தத் தாளின் மேற்பகுதியில் விஷயத்தையும் தேதியையும் டைப் அடித்து அனுப்பிவிடுவேன். சுற்றுவட்டாரத்தில் பல கம்பெனிகளில் அப்படித்தான். ஆம்பூரில் கையெழுத்து முதலில் வரும், கடிதம் பிறகு வரும். ஊர் திரும்பியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தினி மிச்சம்?" மிச்சத் தாள்களை வாங்கி, எண்ணி, அவர் கையாலேயே கிழித்துப் போடுவார். என்னிடம் கிழிக்கக் கொடுத்ததில்லை. அது அவநம்பிக்கை என்று நான் நினைத்ததும் இல்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், கம்பெனிக் காகிதங்களை இனி கம்ப்யூட்டரில்தான் தாக்கல் செய்ய வேண்டும், இயக்குநர்கள் டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சென்னையிலிருந்து கூரியரில் இரண்டு டோக்கன்கள் வந்தன. பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும். அதற்குள் அவரவர் பெயரில் ஒரு சான்றிதழ். கம்ப்யூட்டரில் செருகி, கடவுச்சொல்லைத் தட்டி, ஒரு பொத்தானை அமுக்கினால் படிவத்தில் கையெழுத்து விழும்.

ஹாஜியார் அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

"இன்னா ரிப்போர்ட்டரே, இதுக்குள்ளயா என் கையெழுத்து கீது? பேனா மூடி மாதிரி இருக்குது."

"ஆமாம் ஹாஜியார். நீங்க போட்ட மாதிரியே செல்லும்."

"இதுல எத்தினி தாள் இருக்குது?"

"எத்தனை வேணும்னாலும்."

அவர் அதை மேஜைமேல் வைத்தார். "அப்ப எப்படிக் கிழிக்கறது?"

அந்தக் கம்பெனியில் டிஜிட்டல் கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான். நான் சிரித்தேன். பெரியவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து, "கிழிக்கவே வேண்டாம் ஹாஜியார், அதுதான் வசதி" என்றேன். கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, "என் பொண்ணு பேர வெச்சிக்க. நீயும் மறக்க மாட்ட, நானும் மறக்க மாட்டேன்" என்றார். (அவர் அதை ஒருமுறைகூடத் தட்டியதில்லை. தட்டியதெல்லாம் நான்.)

இரண்டு டோக்கன்களும் என் டிராயரில், ஒரு பழைய பேரீச்சம்பழ டப்பாவில் கிடந்தன. அந்த டப்பாவுக்கு நான்தான் பொறுப்பு. அதை நான் எவ்வளவு நன்றாக நிர்வகித்தேன் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சான்றிதழுக்கு இரண்டு வருட ஆயுள். சலீம் பாயின் சான்றிதழை ஹாஜியாருடையதற்கு முன்பே வாங்கியிருந்தோம், அதனால் முன்பே காலாவதியாக இருந்தது. அதைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல்கள் வந்தன. பத்திரிகை ஆபீசில் 'அவசரம்' என்று மேலே எழுதி வரும் காகிதங்களை முதலில் குப்பைக் கூடையில் போடுவது என் பழக்கம். கடைசி நினைவூட்டல், இறுதி நினைவூட்டல், முடிவான நினைவூட்டல் மூன்றையும் அதே நேர்த்தியோடு அழித்தேன். ஒருவழியாக விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சலீம் பாயிடம் போனால், புகைப்படம் வேண்டுமே என்றார்.

"தாடிய ட்ரிம் பண்ணிட்டு எடுத்துத் தர்றேன், ரிப்போர்ட்டர். இப்ப எடுத்தா பேஜாரா இருக்கும்."

தாடி வளர்ந்துகொண்டே இருந்தது. சான்றிதழ் செத்தது. ஹாஜியாருடையது ஒன்று இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த நிலையில்தான் ஹாஜியார் ஒரு திங்கட்கிழமை, ஷாஹிதாவை இயக்குநராக்க வேண்டும் என்றார். போர்டு மீட்டிங் அவர் அறையில் நடந்தது. அவர், தம்பி, நான், மூன்று பிளேட் சமோசா.

"சாம்பிள் ரூம அவதான் பாக்கறா. பார்ட்டிங்களோட அவதான் பேசறா. போர்டுல மட்டும் பேரு இல்ல. சலீம், நீ இன்னா சொல்ற?"

சலீம் பாய் கொஞ்ச நேரம் சமோசாவைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரி, பாய்ஜான்" என்றார். பிறகு, "சாய் இன்னும் வரல?" என்றார்.

தீர்மானத்தை டைப் அடித்துக் கொடுத்தேன். இருவரும் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். இனி மிச்சம் ஒன்றுதான். ஒரு மாதத்துக்குள் நியமனப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பி, ஓர் இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். புதன்கிழமை படிவம் தயார். வழக்கம்போல டோக்கனை எடுத்துச் செருகினேன். ஹாஜியார் என் கையைப் பிடித்தார்.

"இரு. இத நான் அமுக்குறேன்."

"சரி ஹாஜியார், இங்க வந்து உட்காருங்க."

"இப்ப வேணாம். ஷாஹிதா மெட்ராஸ் போயிருக்கா. வெள்ளிக்கிழம வந்துடுவா. ஜும்மா முடிச்சிட்டு வந்து, அவள பக்கத்துல உக்கார வெச்சிக்கிட்டு அமுக்குறேன்."

மறுநாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. வேலூருக்கு எடுத்துப் போனார்கள். கிரேஸ் வேலை பார்த்த அதே தீவிர சிகிச்சைப் பிரிவு. அந்த வெள்ளிக்கிழமை ஷாஹிதா ஆபீசுக்கு வரவில்லை, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹாஜியார் ஆசைப்பட்டதில் நடந்தது பாதிதான்.

அவர் கொஞ்சம் தெளிவாக இருந்த நாளில், லேப்டாப்பை வார்டுக்கு எடுத்துவரலாமா என்று கிரேஸிடம் வீட்டில் கேட்டேன்.

அவள் இட்லி மாவைக் கரண்டியில் எடுத்தபடியே திரும்பினாள். "மாசத்துக்கு ஒருத்தராவது ஸ்டாம்பு பேட எடுத்துக்கிட்டு வர்றாங்க. காலையில பேஷண்ட் கட்டவிரல்ல மை இருக்குதான்னு பாக்கறது எங்க டியூட்டியில ஒண்ணு. நீங்க லேப்டாப் எடுத்துக்கிட்டு வர்றீங்களா?"

"அது அப்படியில்ல கிரேஸ். அவரே கேட்டது."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

லேப்டாப் போகவில்லை. நான் மட்டும் அடுத்த புதன்கிழமை போய்ப் பார்த்தேன். ஹாஜியார் முகத்திலிருந்த பிராணவாயு மூடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"வெள்ளிக்கிழம என்னிக்கி?"

"நாளன்னிக்கு, ஹாஜியார்."

"வந்துடறேன். நீ அமுக்கிடாத."

"மாட்டேன்."

மறுநாள் வியாழக்கிழமை. கிரேஸ் ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். வார்டிலிருந்து பேசும்போது அவள் குரலில் வீட்டுச் சாயல் இருக்காது. "பதினொண்ணு நாப்பது" என்றாள்.

மெஷின்களை நிறுத்தினார்கள். தையல் கூடத்துப் பெண்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல் கேட்டருகே நின்றார்கள். இரண்டு மணிக்குள் உடல் வீட்டுக்கு வந்துவிட்டது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் சலீம் பாயின் மைத்துனர்கள் இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு பேரு ஏறிடுச்சா?"

"இன்னும் இல்லன்னுதான் சொல்றாங்க."

"இனிமே எங்க ஏறுது."

இவ்வளவுதான் அவர்கள் பேசியது. சலீம் பாய் உள்ளே அண்ணனைக் குளிப்பாட்டும் இடத்தில் இருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று நான் கேட்டிருக்கலாம். பத்திரிகைக்காரன் முதலில் செய்வது அதுதான், சம்பந்தப்பட்டவரிடம் கேட்பது. கேட்கவில்லை. எழுந்து ஆபீசுக்கு நடந்தேன்.

போனதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் வேறு. என் பழைய நாளிதழுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். காலி ஆபீசில் உட்கார்ந்து எட்டு வரியில் எழுதினேன். பெயர், வயது, ஊர், கம்பெனி ஆரம்பித்த விதம், பள்ளிவாசல் பணிகள். 'வியாழக்கிழமை காலை 11.40 மணிக்கு வேலூரில் காலமானார்.' நேரத்தை ஒருமுறை சரிபார்த்தேன். 3.31-க்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அந்த மாதிரி சுத்தமான எட்டு வரியை நான் அதற்கு முன் எழுதியதில்லை.

பிறகு பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்தேன்.

அந்த இருபது நிமிடத்தில் என் தலைக்குள் ஓடியதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனுஷன் சொன்னார், போர்டு ஒத்துக்கொண்டது, கையெழுத்து ஏற்கெனவே இதற்குள் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஊதிக் காயவைத்துக் கொடுத்துவிட்டுப் போன இருபது தாளில் ஒரு தாள் இது. கடிதத்தை மட்டும் நான் மேலே அடிக்கிறேன். எத்தனை வருடமாகச் செய்கிறேன். வெற்றுத் தாளுக்கு அன்று என்ன கிழமை என்று தெரியாது என்பதும், டோக்கனுக்குத் தெரியும் என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. தாக்கல் செய்யக் கெடு முடிய இன்னும் இருபது நாள் இருந்தது என்பதும்தான்.

'நீ அமுக்கிடாத' என்றது நினைவில் இருந்ததா? இருந்தது. அது பிராணவாயு மூடிக்குள்ளிருந்து வந்த ஒரு பெரியவரின் ஆசை, இது அந்த ஆசையை நிறைவேற்றுவது என்று நினைத்தேன். அவள் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். அமுக்கினேன். படிவம் போயிற்று. படிவத்தையும், அது போய்ச்சேர்ந்ததற்கான ஒப்புகையையும் அச்செடுத்தேன்.

தொழுகை நேரத்துக்குள் பள்ளிவாசலுக்குப் போய் வெளியே நின்றுகொண்டேன். கபரஸ்தானில் எல்லாரையும்போல மூன்று பிடி மண் போட்டேன். அந்த மூன்று பிடியிலும் எனக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்தது. (இதை எழுதும்போதுதான் உண்மையாகவே கூசுகிறது.)

மறுநாள் செய்தி வந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. வெட்டி எடுத்து, ஹாஜியார் பெயரில் புது ஃபைல் ஒன்று திறந்து, படிவத்தின் அச்சுப் பிரதியை அடியில் வைத்து, செய்தித்தாள் துண்டை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே குண்டூசியால் குத்தினேன். குற்றவாளி தன் வாக்குமூலத்தையும் சாட்சியத்தையும் இவ்வளவு ஒழுங்காகக் கோத்து வைத்த வழக்கை நான் செய்தியாக்கியதே இல்லை.

ஷாஹிதா பத்து நாள் கழித்து ஆபீசுக்கு வந்தாள். கறுப்புத் துப்பட்டா, கண்ணில் தூக்கமில்லாத வீக்கம். நேராக என் மேஜைக்கு வந்தாள். நான் ஃபைலை எடுத்து நீட்டினேன், பரிசு கொடுக்கிறவன் மாதிரி.

"உங்க ஃபாரம் போயிடுச்சும்மா. யாரும் இனி ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் நின்றுகொண்டே படித்தாள். செய்தித் துண்டைத் தூக்கி அடியிலிருந்ததைப் பார்த்தாள். திரும்பத் துண்டைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரிப்போர்ட்டர் அங்கிள், நீங்க பேப்பர்ல எவ்ளோ வருஷம் இருந்தீங்க?"

"பன்னெண்டு வருஷம்மா."

"இது ரெண்டையும் சேத்துப் படிங்க."

படித்தேன். படிவத்தின் அடியில் ஹாஜியாரின் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் தேதி, வியாழக்கிழமையின் தேதி. அதன் பக்கத்தில் 15:52:10. அதற்கும் பக்கத்தில், இது இந்திய நேரம்தான், வேறு நாட்டு நேரம் என்று யாரும் தப்பிக்க வேண்டாம் என்பதற்கான குறிப்பு. விநாடிவரை சுத்தம். இவ்வளவு சரியாக எழுதும் நிருபர் எங்கள் வேலூர் பதிப்பில் ஒருவரும் இருந்ததில்லை.

"அந்த நேரத்துல அப்பாவுக்கு கஃபன் துணி போட்டுக்கிட்டிருந்தாங்க" என்றாள் ஷாஹிதா. "நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் அந்தக் குண்டூசியை உருவி எடுத்தேன்.

"நானே அமுக்கறேன்னு உங்ககிட்ட சொல்லலியா அவரு?"

"சொன்னாரும்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க. சலீம் சாச்சாகிட்ட போலாம்."

"எதுக்கும்மா? இத அவர் பாக்கவே மாட்டாரே. யாரு நேரத்தப் பாக்கப் போறாங்க?" என்றேன். நான்தான் அப்படிக் கேட்டேன். ஐந்தரையா ஐந்தே முக்காலா என்று ஆளை ஓடவிட்ட அதே வாய்.

"அப்பா பேர்ல பொய் வேணாம் அங்கிள். அதுலயா நான் உள்ள போவணும்?"

சலீம் பாய் அண்ணனின் அறைக்குப் போகாமல் தன் பழைய சின்ன அறையிலேயே உட்கார்ந்திருந்தார். ஷாஹிதா இரண்டு காகிதங்களையும் அவர்முன் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் இரண்டு நேரங்களையும் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அண்ணன் பெயர் மேல் அவர் விரல் சற்று நேரம் நின்றது.

"இது யார் வேல?"

"நான்தான் பாய்" என்றேன். "எனக்குத் தெரியல. போர்டு ஒத்துக்கிட்டதுதானேன்னு…"

"போர்டு ஒத்துக்கிச்சி சாச்சா" என்றாள் ஷாஹிதா. "மினிட்ஸ்ல நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க. அது நெஜம்."

"போட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாய் வருதான்னு பாத்துக்கிட்டே போட்டேன். படிச்சா போட்டேன்? இவர் டைப் அடிச்சிக் குடுக்கறதுக்கெல்லாம் நானும் பாய்ஜானும் போட்டுக்கிட்டே இருந்தோம். இருபது வெத்துத் தாள்ல போடல? அதுலல்லாம் இன்னா எழுதினாருன்னு இப்ப யாருக்குத் தெரியும்?"

அவர் கத்தவில்லை. கோபம்கூட இல்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது. அன்று அந்த அறையில் அவர் அண்ணன் தெளிவாகக் கேட்டார், அவர் தெளிவாகச் சரி என்றார். மூன்று பிளேட் சமோசா சாட்சி. ஆனால் அந்த நிஜமான தீர்மானத்தையும் டைப் அடித்தவன் நான். ஒரு நேரம் தவறியது. மற்றதை எவன் நம்புவான்?

வேலூர் ஆடிட்டர் வந்து படிவத்தைப் பார்த்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏன் சார், கெடுவுக்கு இன்னும் இருபது நாள் இருந்துச்சே. சலீம் பாய் டோக்கன்ல போட்டிருக்கலாமே."

"அது காலாவதி ஆயிடுச்சு."

"புதுப்பிக்க மூணு நாள் போதுமே."

"போட்டோ வரல."

"போட்டோவா?"

"தாடி."

அவர் பேனாவைத் திறந்தார். படிவம் செல்லாது, தவறுதலாகத் தாக்கலானது என்று விளக்கக் கடிதம் எழுதி விலக்கிக்கொள்ள வேண்டும் என்றார். கடிதத்தை நான் மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் 'மிகுந்த நல்லெண்ணத்துடன்' என்ற சொற்களை ஆடிட்டர் அடித்தார்.

ஹாஜியாரின் சான்றிதழை உடனே ரத்து செய்யுங்கள் என்றும் சொன்னார். அதைக் கொடுத்த சென்னைக் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"ரத்து விண்ணப்பத்துல சான்றிதழ்தாரர் கையெழுத்துப் போட்டு அனுப்பணும் சார்."

"அவர் இறந்துட்டார்ம்மா."

"சாரி சார். அப்ப அவருடைய பதிவான ஈமெயில்லேர்ந்து ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்க."

அந்த ஈமெயிலும் என்னிடம்தான் இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் விரல் விசைப்பலகைப் பக்கம் போனது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "இறப்புச் சான்றிதழ் அனுப்பறேன்ம்மா" என்றேன். அந்தச் சான்றிதழிலும் எல்லாம் சரியாக இருந்தது.

கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும். சலீம் பாய் மறுநாளே தாடியை ஒழுங்கு செய்து புகைப்படம் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் சான்றிதழ் உயிர்பெற்றது. அந்தக் கையெழுத்தில் போன முதல் படிவம், பெங்களூரிலிருந்து வந்திருந்த அவருடைய மகனின் நியமனம். அந்தப் பையன் நல்லவன். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் அவன் கையில் கொடுத்தால் இரண்டையும் மரியாதையாகத் தடவிப் பார்ப்பான். ஷாஹிதாவின் விஷயத்தை அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த மீட்டிங்குகள் பலவற்றுக்கு நான்தான் சமோசா வாங்கி வைத்தேன். அவள் பெயர் வரவில்லை. ஏழெட்டு மாதம் சாம்பிள் ரூமில் இருந்தாள். ஒருநாள் தன் கத்தரியையும் தோல் மாதிரி அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பெண்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

என்னை யாரும் வேலையிலிருந்து அனுப்பவில்லை. சலீம் பாய் டிராயர் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். பேரீச்சம்பழ டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். காலியாக.

ஷாஹிதா அந்த நேரத்தைக் காட்டிய அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது கிரேஸ் விரல்விட்டு எண்ணினாள். "நாலு மணி பன்னெண்டு நிமிஷம்" என்றாள். "எங்க டாக்டருங்க கைவிட்டப்புறம் இவ்ளோ நேரம் இழுத்திருக்கீங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்தான் ஹாஜியாரின் கண்ணை மூடியவள். அதிலிருந்து எங்கள் வீட்டில் எது தாமதமானாலும் அந்தக் கணக்குதான். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க வரும்போது என் மகன் அதை நீட்டிச் சொல்வான்: "உயிரோட இருக்கும்போதே போட்டுடுங்கப்பா, அப்புறம் அம்மா டைம் பாப்பாங்க."

ஷாஹிதா வாணியம்பாடி ரோட்டில் சின்னதாக ஒரு கூடம் ஆரம்பித்தாள். பர்ஸ், பெல்ட். அவளும் இன்னொருத்தியுமாகச் சேர்ந்து பதிவு செய்த கம்பெனி. இரண்டு வருடம் கழித்து எனக்கு ஃபோன் செய்து, காகித வேலைக்கு வாரம் ஒருநாள் வர முடியுமா என்று கேட்டாள். ஏன் என்னை என்று நான் கேட்கவில்லை. போன முதல் நாளே சொன்னாள்: "நீங்க எல்லாத்தையும் நிரப்புங்க அங்கிள். அமுக்கறது மட்டும் நான்."

இன்றுவரை அப்படித்தான். அவள் டோக்கன் அவள் கழுத்துச் சங்கிலியில் சாவியோடு தொங்குகிறது. படிவம் தயாரானதும் பக்கத்தில் வந்து உட்காருவாள். கடவுச்சொல்லை அவளே தட்டுவாள், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிறகு ஒவ்வொரு முறையும் அதே கேள்வி.

"எல்லாரும் உயிரோட இருக்கோமா அங்கிள்?"

கூடத்துப் பெண்களுக்கு இந்தக் கதை தெரியும். மெஷினை நிறுத்தாமலே சிரிப்பார்கள். சலீம் பாய் போன வருடம், எங்களுக்குச் சொல்லியனுப்பாமல் அவளைப் பார்க்க வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த நாளிலும் அவள் அதைக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இருக்கேன்மா" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். "இருக்கோம்மா" என்பேன். அவள் அமுக்குவாள்.

திரையில் கையெழுத்து விழும். சான்றிதழில் அவள் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். ஷாஹிதா யாகூப் என்று வரும். இருவரும் ஒரு நொடி அதைப் பார்ப்போம். கீழே சிறிய எழுத்தில் நேரம் இருக்கும். சரியாக இருக்கும்.